கிரைட்ஸ் ரொய்ஸ் வெள்ளி நாணயங்கள்: அடையாளம் காண, சரிபார்க்க, சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், வெள்ளை எல்ஸ்டர் ஆற்றங்கரையில் கிரைட்ஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மேட்டில் ஒரு பழைய கோட்டை, கீழே ஊருக்குள் ஓர் அரண்மனை, சுற்றிலும் நெசவாலைகளின் கட்டடங்கள். 1918 வரை இது ஒரு தனி நாட்டின் தலைநகரம். ‘ரொய்ஸ் மூத்த கிளை’ என்பது அந்த நாட்டின் பெயர். பரப்பளவு சுமார் 316 சதுர கிலோமீட்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள்தொகை சுமார் 70,000. இவ்வளவு சிறிய நாடு தன் அரசரின் முகத்தோடு வெள்ளிக் காசு வெளியிட்டது.

ஜெர்மன் நாணயங்களில் ஆர்வம் வந்தவர்கள் பெரும்பாலும் பிரஷ்யாவிலோ பவேரியாவிலோ தொடங்குவார்கள். அங்கே ஆண்டு, முத்திரை எழுத்து (எந்த நாணயச்சாலை அடித்தது என்று காட்டும் எழுத்து), அச்சு வேறுபாடு என்று பட்டியல் முடிவே இல்லாமல் நீளும். கிரைட்ஸ் அப்படியில்லை. 1858க்குப் பிறகு வந்த பெரிய வெள்ளி நாணயங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தெளிவான கதை இருக்கிறது. ஆனால் அச்சிட்ட எண்ணிக்கை குறைவு என்பதால் விலை அதிகம். விலை அதிகம் என்பதால் போலிகளும் அதிகம். எனவே காசு கொடுப்பதற்கு முன் நாணயத்தைப் படிக்கவும் எடைபோடவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: எந்த ரொய்ஸ், எந்த ஹைன்ரிக்?

ரொய்ஸ் குடும்பத்தில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: ஹைன்ரிக். அண்ணனும் ஹைன்ரிக், தம்பியும் ஹைன்ரிக், சித்தப்பாவும் ஹைன்ரிக். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர் 6ஆம் ஹைன்ரிக்கின் நினைவாக வந்த வழக்கம் என்று சொல்வார்கள். ஆளைப் பிரித்தறிய எண் மட்டுமே உண்டு. அதுவும் அரசர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட எண் அல்ல. பிறக்கும் ஒவ்வோர் ஆண்குழந்தைக்கும் வரிசையாக ஓர் எண். அதனால்தான் கிரைட்ஸில் 20ஆம் ஹைன்ரிக்குக்குப் பிறகு 22ஆம் ஹைன்ரிக் அரியணை ஏறினார். அவருக்குப் பின் 24ஆம் ஹைன்ரிக். இடையில் உள்ள எண்கள் ஆட்சிக்கு வராத பிள்ளைகளுடையவை.

குடும்பம் இரண்டு கிளைகளாகப் பிரிந்திருந்தது. மூத்த கிளை கிரைட்ஸில் ஆண்டது. இளைய கிளையின் தலைநகரம் கேரா. எண்ணும் முறையும் இரண்டுக்கும் வேறு. மூத்த கிளையில் எண் நூறு வரை போய்த்தான் மறுபடி ஒன்றுக்குத் திரும்பும். இளைய கிளையில் நூற்றாண்டு மாறும்போதே ஒன்றிலிருந்து தொடங்கிவிடுவார்கள். ஆகவே இளைய கிளையில் 67ஆம் ஹைன்ரிக் அப்பா, 14ஆம் ஹைன்ரிக் மகன். எண் பெரிதாக இருந்தால் பிற்காலத்தவர் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவோம்.

நாணயத்தைக் கையில் எடுத்ததும் முகத்தைச் சுற்றியுள்ள எழுத்தைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் எண் ரோமானிய முறையில் இருக்கும்: எல் ஐம்பது, எக்ஸ் பத்து, வி ஐந்து, ஐ ஒன்று. இரண்டு எக்ஸும் இரண்டு ஐயும் இருந்தால் 22. அடுத்து, எந்தக் கிளை என்று சொல்லும் சுருக்கத்தைத் தேடுங்கள். ரோமானிய ‘ஏ’ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி வைத்துத் தொடங்கும் சுருக்கம் மூத்த கிளைக்குரியது. ‘ஜே’ என்ற எழுத்தில் தொடங்கினால் இளைய கிளை. விற்பவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பி எழுதுகிறார்கள். எனவே விளம்பரத்தில் போட்டிருக்கும் தலைப்பை நம்பாமல் நாணயத்தில் உள்ள எழுத்தை நீங்களே படியுங்கள்.

இரண்டாம் படி: எந்தக் காலத்து அளவு?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1871க்கு முந்தைய ஜெர்மன் வெள்ளி நாணயங்கள் தங்களுக்குள் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதைத் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. படிக்கத் தெரிந்தால் போதும், பட்டியல் புத்தகமே வேண்டாம்.

பழைய கணக்குக்கு அடிப்படை, கொலோன் மார்க் என்ற எடை. பணமாகிய மார்க் வேறு, இது வேறு. இந்த எடை சுமார் 233.855 கிராம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஒப்பந்த முறைப்படி ஒரு மார்க் சுத்த வெள்ளியிலிருந்து தாலர் என்ற பெரிய வெள்ளி நாணயங்கள் 10 அடித்தார்கள். கிரைட்ஸின் 13ஆம் ஹைன்ரிக் 1812இல் வெளியிட்ட தாலர் இந்த அளவைச் சேர்ந்தது. மொத்த எடை 28 கிராமை ஒட்டியிருக்கும்.

அப்புறம் 1838இல் டிரெஸ்டன் நகரில் பல ஜெர்மன் நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை போட்டன. வடக்கே தாலர், தெற்கே குல்டன் என்று இரண்டு பணம் புழங்கியதால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய நாணயம் தேவைப்பட்டது. அதுதான் இரட்டைத் தாலர். 2 தாலர் என்றும் அதில் இருக்கும், 3½ குல்டன் என்றும் இருக்கும். கூடவே ‘ஒரு சுத்த மார்க்குக்கு 7’ என்ற பொருளில் ரோமானிய ஏழும் பொறித்திருக்கும். 233.855ஐ ஏழால் வகுத்தால் 33.4 கிராம் வெள்ளி. அதோடு பத்தில் ஒரு பங்கு செம்பு கலந்திருப்பதால் நாணயத்தின் மொத்த எடை 37.12 கிராம், விட்டம் சுமார் 41 மில்லிமீட்டர். 20ஆம் ஹைன்ரிக் 1840களிலும் 1851இலும் இத்தகைய இரட்டைத் தாலர்களை வெளியிட்டார். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

1857 ஜனவரி 24 அன்று வியன்னாவில் அடுத்த உடன்படிக்கை. இந்த முறை பழைய மார்க் எடையைக் கைவிட்டு, 500 கிராம் கொண்ட சுங்கப் பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு சுத்த வெள்ளியிலிருந்து 30 தாலர். இந்தத் தாலருக்கு ஃபெரைன்ஸ்தாலர் என்று பெயர். சின்னம் உள்ள பக்கத்தில் மூன்று எக்ஸ் போட்டு, ‘ஒரு பவுண்டு சுத்தம்’ என்று பொறித்திருக்கும். 500ஐ முப்பதால் வகுத்தால் 16.667 கிராம் வெள்ளி. 900 தரத்தில், அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி என்ற கணக்கில், மொத்த எடை 18.519 கிராம், விட்டம் 33 மில்லிமீட்டர். கிரைட்ஸுக்கு இதில் இரண்டே ஆண்டுகள்தாம்: 1858இல் 20ஆம் ஹைன்ரிக்கின் முகத்தோடு ஒன்று, 1868இல் 22ஆம் ஹைன்ரிக்கின் முகத்தோடு ஒன்று.

அதே 1868இல் சில்லறையாக ஒரு வெள்ளிக் குரோஷனும் வந்தது. தாலருக்கு 30 குரோஷன். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது 22 விழுக்காடு மட்டுமே, எடை 2.2 கிராம் அளவு. தேய்ந்ததில் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். அதைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

1873 ஜூலை 9 தேதியிட்ட நாணயச் சட்டம், 1871இல் உருவான ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் மார்க் என்ற பணத்தை நிலைநிறுத்தியது. 1 மார்க்கும் அதற்குக் கீழும் எல்லா நாடுகளுக்கும் ஒரே அச்சு. அதற்கு மேற்பட்ட வெள்ளியில் மட்டும் ஒரு பக்கம் பேரரசின் கழுகு, மறுபக்கம் அந்தந்த நாட்டு அரசரின் முகம். 2 மார்க் 11.111 கிராம், 28 மில்லிமீட்டர். 3 மார்க் 16.667 கிராம், 33 மில்லிமீட்டர். இரண்டும் 900 தரம். பழைய தாலர் 3 மார்க் என்ற மதிப்பில் 1907 செப்டம்பர் முடியும்வரை செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. அது போனபின் அந்த இடத்தை நிரப்ப 1908 முதல் 3 மார்க் நாணயம் வந்தது.

மூன்றாம் படி: எவை உண்மையில் இருக்கின்றன?

பேரரசுக் காலத்தில் கிரைட்ஸ் வெளியிட்ட வெள்ளி இவ்வளவுதான்:

- 1877, 2 மார்க், 22ஆம் ஹைன்ரிக், முத்திரை எழுத்து பி, 20,000 நாணயங்கள் (யேகர் எண் 116)
- 1892, 2 மார்க், அதே அரசர், எழுத்து ஏ, 10,000 (எண் 117)
- 1899, 1901, 2 மார்க், அதே அரசர், எழுத்து ஏ, ஆண்டுக்கு 10,000 (இரண்டுக்கும் எண் 118)
- 1909, 3 மார்க், 24ஆம் ஹைன்ரிக், எழுத்து ஏ, 10,000 (எண் 119)

யேகர் எண் என்பது ஜெர்மன் வணிகர்கள் எல்லோரும் பயன்படுத்தும் பட்டியல் எண். ஏல அறிவிப்பில் இதை வைத்தே தேடலாம். அடுத்த எண்ணான 120, இளைய கிளையின் 1884ஆம் ஆண்டு 2 மார்க். அது 1,00,000 நாணயங்கள் அச்சானது.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்வது பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். மூத்த கிளைக்கு 5 மார்க் நாணயம் கிடையவே கிடையாது. 24ஆம் ஹைன்ரிக்கின் முகத்தோடு 2 மார்க் கிடையாது. 1900 என்று தேதியிட்ட கிரைட்ஸ் 2 மார்க்கும் கிடையாது. அப்படி ஒன்றை யாராவது காட்டினால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

நான்காம் படி: முத்திரை எழுத்தும் கழுகும்

கிரைட்ஸுக்குச் சொந்தமாக நாணயச்சாலை இல்லை. வெளியே கொடுத்துத்தான் அடித்து வாங்கியது. ஏ என்றால் பெர்லின். பி என்றால் ஹனோவர். ஹனோவர் நாணயச்சாலை 1878இல் மூடப்பட்டது. எனவே பி எழுத்தோடு 1892 என்று ஒரு நாணயம் இருந்தால் அது பொய்.

இங்கே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. 22ஆம் ஹைன்ரிக் பிரஷ்யாவைக் கடுமையாக வெறுத்தவர். 13 வயதில் அரியணைக்கு வந்தார். 1867 வரை அவருடைய தாய் கரோலீனே ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். 1866இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய போரில் கிரைட்ஸ் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது. பிரஷ்யப் படை ஊருக்குள் வந்தது. பிறகு பேரரசு அமைந்தபோதும் கூட்டமைப்பு அவையில் பிஸ்மார்க்கின் திட்டங்களுக்கு எதிராகவே அவருடைய வாக்கு விழுந்தது. அப்படிப்பட்டவரின் முகத்தை அச்சடித்தது யார்? 1868இல் பெர்லின். 1877இல் ஹனோவர், அதையும் 1866இலேயே பிரஷ்யா விழுங்கியிருந்தது. பிறகு மறுபடி பெர்லின். அவருடைய பெரிய வெள்ளி நாணயம் ஒவ்வொன்றும் பிரஷ்ய நாணயச்சாலையிலிருந்து வந்ததுதான். அவர் 1902இல் இறந்தார். அவருடைய மகள் ஹெர்மீனே, அரியணை இழந்து நெதர்லாந்தில் தங்கியிருந்த இரண்டாம் வில்ஹெல்மை 1922இல் மணந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கழுகுக்கு வருவோம். 1889 வரை கழுகு சிறியது, அதன் மார்பில் உள்ள கேடயம் பெரியது. 1890 முதல் கழுகு பெரிதாகி இறக்கை கிட்டத்தட்ட விளிம்பைத் தொடும், கேடயம் சிறுத்துவிடும். ஆகவே 1877இல் சின்னக் கழுகு, 1892 முதல் பெரிய கழுகு. மாறியிருந்தால் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எடை, அளவு, தண்ணீர்ச் சோதனை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு ஒன்றும், ஒரு டிஜிட்டல் காலிப்பரும் போதும். சட்டப்படி புது வெள்ளி நாணயத்துக்கு அனுமதிக்கப்பட்ட எடை வேறுபாடு ஆயிரத்துக்குப் பத்து. அதாவது புது 2 மார்க் 11.00 முதல் 11.22 கிராமுக்குள் இருக்கும். நன்றாகப் புழங்கித் தேய்ந்தது இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் அச்சு கூர்மையாக, புதுசு போலத் தெரிகிற நாணயம் 10.6 காட்டினால் அது சந்தேகத்துக்குரியது. அதேபோல் 11.5 காட்டினாலும்.

எடை சரி என்றதும் அடர்த்தியைப் பாருங்கள். ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 900 தர வெள்ளிக்கு அது 10.3 வர வேண்டும். 2 மார்க் என்றால் தராசில் சுமார் 1.08 காட்டும், 3 மார்க்குக்கு 1.62, ஃபெரைன்ஸ்தாலருக்கு 1.80. செம்பு நிக்கல் கலவையில் செய்து மேலே வெள்ளி முலாம் பூசிய 2 மார்க், எடை சரியாக இருந்தாலும் இங்கே 1.25 காட்டி மாட்டிக்கொள்ளும். சோதனை முடிந்ததும் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் உண்மை ஆகிவிடாது. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: நகைக்கடையில் கொடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டாம். வெள்ளியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும், ஆனால் விளிம்பில் விழுந்த கீறல் நாணயத்தின் மதிப்பைப் பாதியாக்கிவிடும்.

ஆறாம் படி: லென்ஸ் வழியே

நல்ல வெள்ளியிலேயே செய்த போலி, மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளிம்பு. 2 மார்க்குக்கு ஒரே சீரான கோடுகள். 3 மார்க்கின் விளிம்பில் ‘காட் மிட் உன்ஸ்’, அதாவது ‘கடவுள் நம்மோடு’ என்ற சொற்கள் பதிந்திருக்கும். விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு மூட்டுக்கோடு ஓடினால், அது இரண்டு பாதிகளை ஒட்டிய நாணயம். கிரைட்ஸ் விஷயத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கழுகுப் பக்கம் எல்லா ஜெர்மன் நாடுகளுக்கும் பொது. மலிவாகக் கிடைக்கும் பிரஷ்ய நாணயத்தின் கழுகுப் பக்கம் உண்மையானதாகவே இருக்கும். அதன்மேல் அரிய அரசரின் முகத்தை ஒட்ட நினைப்பவனுக்குப் பாதி வேலை மிச்சம். ஆகவே கழுகு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முகம் உள்ள பக்கத்தில்தான் நேரம் செலவிட வேண்டும்.

அங்கே பார்க்க வேண்டியவை: எழுத்துகளின் ஓரம் சுவர் போலச் செங்குத்தாக எழ வேண்டும். உருக்கி வார்த்த போலியில் அது வழுவழுப்பாகச் சரியும்; வெறுமையான பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகளும் தெரியும். காதுமடல், தாடியின் மயிர், எண்ணில் உள்ள ரோமானிய எழுத்துகளின் கால்கள் ஆகியவற்றை ஏல நிறுவனங்கள் வெளியிடும் பெரிய படங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு, முகம் நேராக இருக்கும்படி பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பேரரசு நாணயத்தில் கழுகும் நேராகவே நிற்க வேண்டும். தலைகீழாக வந்தால் சிக்கல்.

மேல் விளிம்பில், அரசரின் தலைக்கு நேரே, கொஞ்சம் மழுங்கியோ மெருகேற்றியோ இருந்தால் அங்கே ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்திருப்பார்கள். நாணயம் உண்மையானதுதான், ஆனால் விலை வெகுவாகக் குறைய வேண்டும். விற்பவர் இதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்.

ஏழாம் படி: நிலை, விலை, வாங்கும் வரிசை

ஜெர்மன் தரவரிசை மேலிருந்து கீழாக இப்படிப் போகும்: ஷ்டெம்பெல்கிளான்ஸ் என்றால் அச்சிலிருந்து வந்த பளபளப்போடு இருப்பது, ஃபோர்ட்ஸ்யூக்லிஷ் என்றால் மிக லேசான தேய்மானம், ஸேர் ஷோன் என்றால் தேய்ந்தாலும் விவரங்கள் தெளிவு, ஷோன் என்றால் நன்றாகவே தேய்ந்தது. ஷோன் என்பதற்கு அழகு என்று பொருள் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். காட்சிக்கென்று மெருகேற்றிய அச்சில் அடித்தவற்றைப் பொலியெர்ட்ட பிளாட்ட என்பார்கள். அது ஒரு நிலை அல்ல, தனி வகை.

தேய்மானத்தைக் கணிக்க அரசரின் காதுக்கு மேலுள்ள முடியையும் கழுகின் மார்பையும் பாருங்கள். அவைதான் முதலில் தேயும் இடங்கள். முகம் தேய்ந்து கழுகு மட்டும் புதுசாக இருந்தால் மேலே சொன்ன ஒட்டுவேலையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

பல்லாயிரம் அச்சிட்டிருந்தாலும் அவ்வளவும் இன்று இல்லை. முதல் உலகப் போரின்போது வெள்ளியைப் பதுக்கினார்கள், உருக்கினார்கள். 1918 தொடக்கத்தில் 2 மார்க் நாணயங்கள் செல்லாதவை ஆயின.

வாங்கும் வரிசை பற்றி என் கருத்து இது. முதலில் இளைய கிளையின் 1884ஆம் ஆண்டு 2 மார்க்கை வாங்குங்கள். அது கிரைட்ஸ் அல்ல என்றாலும் எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒப்பீட்டளவில் எளிதில் கிடைக்கும். ஓர் உண்மையான ரொய்ஸ் 2 மார்க் கையில் எப்படி இருக்கும் என்பதை அதிலேயே பழகிக்கொள்ளலாம். இரண்டாவதாக, 1868ஆம் ஆண்டின் ஃபெரைன்ஸ்தாலர். 22ஆம் ஹைன்ரிக் 22 வயதில் எப்படி இருந்தார் என்று காட்டும் அந்த நாணயம் அழகானது. 2 மார்க் அளவுக்குப் போட்டியும் கிடையாது. பிறகு 1909ஆம் ஆண்டின் 3 மார்க். கடைசியாக 1877, 1892, 1899, 1901 என்ற நான்கு 2 மார்க்குகள். இவற்றை எழுத்தில் உத்தரவாதம் தரும் நிறுவனத்திடமோ, நிபுணர் சோதித்துச் சீலிட்ட வடிவிலோ மட்டுமே வாங்குங்கள். தெருவோரச் சந்தையிலும் முகம் தெரியாத இணைய விற்பனையிலும் இவற்றைத் தேடுவது வீண்.

1909ஆம் ஆண்டு நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ள 24ஆம் ஹைன்ரிக் ஒரு நாள்கூடத் தானாக ஆட்சி செய்தவர் அல்ல. சிறுவயதிலிருந்தே உடலாலும் மனத்தாலும் இயலாதவராக இருந்தார். அவருக்குப் பதில் இளைய கிளையின் 14ஆம் ஹைன்ரிக்கும், 1908 முதல் அவருடைய மகன் 27ஆம் ஹைன்ரிக்கும் பொறுப்பாட்சி செய்தார்கள். 1884 நாணயத்தில் இருக்கும் முகம் அந்த 14ஆம் ஹைன்ரிக்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அரசராக மட்டும் இருந்தவரும் அவருக்காக ஆண்டவரும் அடுத்தடுத்து நிற்பார்கள். இந்தச் சிறு தொகுப்பில் நான் மிகவும் மதிக்கும் ஜோடி இது.

எட்டாம் படி: பாதுகாப்பது

விபூதி போட்டுத் தேய்ப்பது, புளித்தண்ணீரில் ஊறவைப்பது, பற்பசை, வெள்ளிப் பாத்திரத்துக்கான பாலிஷ், இவை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது நாணயத்துக்குக் கெடுதல். நூறு ஆண்டுகளாகப் படிந்த கருமை அதன் மேற்பரப்பைக் காக்கிறது. சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். தேய்த்தால் மெல்லிய கோடுகள் விழும், அவை ஒருபோதும் போகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் வைத்து எடுத்து, தானாக உலர விடுங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

மெதுவாக வளையும் பிவிசி உறை கூடாது. நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே இளகி, நாணயத்தின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். கெட்டியான அக்ரிலிக் பெட்டியோ மைலார் உறையோ நல்லது. கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். கையில் எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்கட்டும்.

ஒவ்வொரு நாணயத்தின் எடை, விட்டம், அடர்த்தி, வாங்கிய இடம், விலை, ரசீது எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து, இரு பக்கங்களையும் விளிம்பையும் படமெடுத்து வையுங்கள். ஏலத்தில் வாங்கியிருந்தால் அந்த ஏலத்தின் தேதியும் பட்டியல் எண்ணும் அவசியம். பின்னால் விற்க நேர்ந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும், 10,000 மட்டுமே அச்சான ஒரு நாணயம் யார் யார் கைகள் வழியாக வந்தது என்ற அந்தத் தடம்தான் முதலில் கேட்கப்படும்.